காலண்டரில் பறந்த சிவப்புக் கொக்கு விஷயமாக

இண்டூர்

மாரண்டஹள்ளி தக்காளி மண்டி மச்சான் மாதவராஜ் அவர்களுக்கு, உங்கள் தங்கச்சி வீட்டுக்காரன் மாது வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே மாடு சுகம், கன்று சுகம், தென்னை சுகம். என்னைப் பற்றிக் கேட்காதீர்கள். அங்கே அக்கா, பிள்ளைகள், தக்காளி விலை எல்லாரும் சுகந்தானே? போனிலேயே சொல்லியிருப்பேன். பாதியில் நான் மூக்கைச் சிந்தினால் நீங்கள் டவர் கரகரக்கிறது என்று நினைத்து வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடுதாசி.

இத்தனைக்கும் மூலகாரணம் நீங்கள்தான். முந்தின வருஷம் உங்கள் மண்டி பெயரில் ஒரு காலண்டர் போட்டுக் கொடுத்தீர்களே, கோடியக்கரைப் பூநாரைகள் கூட்டமாகப் பறக்கிற படம் போட்டு, அதை மாட்டிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் சண்டை. கொக்கு சாதியில் எதற்காவது இப்படிச் சிவப்பு இறக்கை உண்டா? "பிரஸ்காரன் மையைக் கொட்டிட்டான்டி" என்றேன். கோகிலவாணிக்கு வந்ததே கோபம்! "எங்கண்ணன் போட்ட காலண்டரு பொய் சொல்லுமாங்க?" பிறந்த வீட்டு மானமே போய்விட்டதாம். காபி ஆற்றும்போது சண்டை, களி கிண்டும்போது சண்டை. வருஷம் முடிந்தும் காலண்டரைக் கழற்ற விடவில்லை. "ஒருக்கா போய்ப் பாத்துட்டு வந்துர்லாம்ங்க, யார் சொன்னது நெசம்னு தெரிஞ்சிரும்" என்பாள். அறுப்பு முடியட்டும் என்பேன். அறுப்பு முடிந்தது. அந்த வாரமே நெஞ்சுவலி என்றாள், போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் நீங்களும்தான் கூட நின்றீர்கள், அதை நான் எழுத வேண்டியதில்லை. காரியம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு வீட்டில் நானும் அந்தக் காலண்டரும்தான் மிச்சம். சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் போவது என்ன நியாயம் மச்சான்?

பக்கத்து வீட்டு மலர்விழி காலேஜ் டீச்சர், பறவை பார்க்கிற கோஷ்டி ஒன்றில் இருக்கிறாள். தை மாசம் கோடியக்கரை சரணாலயத்தில் பறவை எண்ணப் போகிறோம், வேனில் ஒரு சீட்டு காலி என்றாள். கோகிலா விஷயமாகப் போகிறோமே என்று, சம்பந்தம் பேசப் போகிறவன் மாதிரி வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் போய் இறங்கினேன். கோஷ்டித் தலைவர் ஆரோக்கியராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார். வெள்ளை பளிச்சென்று தெரிந்தால் பறவை மிரளுமாம். வேனில் கிடந்த பச்சைப் போர்வையை எடுத்து என்னைச் சுற்றிவிட்டார்கள். கடலில் முழுக்குப் போட வந்த ஓர் அம்மாள் என்னைச் சாமியார் என்று நினைத்து, இரண்டு வாழைப்பழத்தைக் கையில் கொடுத்துக் காலில் விழுந்தாள். "நல்லா இரு கோகிலா" என்று ஆசீர்வாதம் பண்ணினேன். அந்த நேரத்துக்கு வேறு பேர் வாயில் வரவில்லை. பிறகு உப்புச் சேற்றில் நடந்ததில் ஒரு செருப்பு உள்ளேயே போய்விட்டது.

மலர்விழி டெலஸ்கோப்பைத் திருப்பி, "பாருங்க மாமா, அதான் பூநாரை" என்றாள். பார்த்தேன். தூரத்துத் தண்ணீரில் வரிசையாக நின்றன. வெள்ளை, மச்சான்! நம் ஏரிக் கொக்கின் காலை இழுத்து நீட்டினாற்போல், சுத்த வெள்ளை. ஜெயித்துவிட்டேன். "பாத்தியாடி!" என்று பக்கத்தில் திரும்பினேன். ஆரோக்கியராஜ் நின்றுகொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து எங்கிருந்தோ ஒரு வாத்துக் கூட்டம் வந்து மொத்தமாக இறங்கிற்று. அத்தனை பறவை ஒன்றாக இறங்குவதைக் கண்டால் கம்பங்கொல்லைக்காரன் வாய் சும்மா இருக்குமா? காலமெல்லாம் பரண்மேல் நின்று விரட்டிய வாய். "ஹோஓஓய்! ஹோய்! ஹோய்!" என்று கத்திவிட்டேன். கையும் தட்டினேன் போலிருக்கிறது. கவணுக்குக் கல் தேடினேன் என்றும் சொல்கிறார்கள், அது எனக்கு ஞாபகமில்லை. நின்றது, நீந்தியது, தூங்கியது எல்லாம் எழும்பிப் பறந்துவிட்டன. அவர்கள் காலையிலிருந்து எண்ணியதெல்லாம் வீண். "பெரியவரே, இது ஒங்க கொல்லை இல்லீங்க" என்றார் ஆரோக்கியராஜ். மலர்விழிக்கு அழுகையே வந்துவிட்டது. நான் வெட்கத்தில் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. கிளம்பும்வரை வேனுக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டார்கள்.

ஆக, உங்கள் காலண்டர் பொய், நான் சொன்னது நிஜம், வழக்கு தீர்ந்தது. இனி காக்காய் பார்க்கக்கூட நான் வெளியே போவதாக இல்லை. அக்காவுக்கு என் கும்பிடு, பிள்ளைகளுக்கு ஆசி. தக்காளி விலை ஏறட்டும்.

இப்படிக்கு,
மாது

பி.கு: மேலே எழுதியதில் ஒன்று பொய். தலை நிமிர்ந்தேன் மச்சான். நான் கத்தியதும் அத்தனை பூநாரையும் இறக்கையை விரித்தன. உள்ளே முழுக்கச் சிவப்பு. காலண்டரில் இருப்பதைவிடச் சிவப்பு. நிற்கும்போது மடித்து வைத்துக்கொள்ளுமாம், பறந்தால்தான் தெரியுமாம். கோகிலா சொன்னதுதான் நெசம், நான் தோற்றுவிட்டேன். காலண்டரைக் கழற்றவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவள் போட்டோ முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். "நான் அப்பவே சொன்னன்ல" என்று அவளிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. வருஷத் திதிக்கு வரும்போது நீங்கள் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அண்ணன் சொன்னால் அவளுக்குக் கேட்கும்.