கீழே போனால் கரண்டு இல்லை

லாரி கோரமண்டல் ஸ்டேஷனைத் தாண்டியதும் ஏசி மறுபடியும் அனலாக ஊதியது. வேந்தனுக்கு உடனே மாமியார் ஞாபகம் வந்தது.

பிரசவத்துக்காகக் குடியாத்தம் போன அவன் மனைவி நிலா, மூன்று மாதக் குழந்தையோடு இன்னும் அங்கேதான் இருந்தாள். நாளை வேலூரில் தக்காளி லோடை இறக்கிவிட்டு, திரும்பும் வழியில் இரண்டு பேரையும் அழைத்துவர வேண்டும். மாமியார் லேசில் சம்மதிக்கவில்லை. இந்த மே மாத வெயிலில் பச்சைக் குழந்தையை லாரியிலா, மழை விழட்டும், பிறகு பார்க்கலாம் என்றுவிட்டார்.

"ஏசி வண்டி அத்த. உள்ள ஊட்டி மாதிரி இருக்கும்" என்று வேந்தன் போனில் அளந்திருந்தான்.

அந்த ஊட்டியை நம்பித்தான் அனுமதி கிடைத்தது. வீட்டில் தொட்டில் கட்டி ஒரு மாதம் ஆகிறது. போகும்போதும் வரும்போதும் அந்த வெறும் தொட்டிலை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுத்தான் போவான். யாராவது பார்த்துவிட்டால், கயிறு உறுதியாக இருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொல்வான்.

வீட்டு வாசலில் லாரியை ஓரங்கட்டியதும் முதல் வேலையாக ஆட்டோ எலக்ட்ரீஷியன் முனிரத்தினத்துக்குப் போன் போட்டான். முனிரத்தினம் நல்ல வேலைக்காரர். வயிறு மட்டும் கொஞ்சம் முன்னால் போய்க்கொண்டிருக்கும். வயர்களைப் பற்றிப் பேசினால் சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுவது போலவே இருக்கும்: இது நல்லது, இது சூடு தாங்காது, இது யாரோடும் ஒட்டாது.

வந்ததும் வண்டியின் இடது பக்கம், பேட்டரிக்கு மேலே இருந்த ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து பார்த்தார். எல்லா ஃப்யூஸும் நன்றாகத்தான் இருந்தன. டெஸ்ட் லைட்டை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தார். வேந்தன் கேபினில் ஏறி உட்கார்ந்தான்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த வேந்தனின் அப்பா அசோகன் மெல்ல எழுந்தார். நந்திதுர்க் தங்கச் சுரங்க மைன் மூடும் வரைக்கும் அங்கே எலக்ட்ரிக்கல் செக்‌ஷனில் இருந்தவர். மைனில் கம்ப்ரசர் போட்ட சத்தத்தில் காது பாதி போய்விட்டது. பேச்சும் அதோடு குறைந்துவிட்டது. வண்டிப் பக்கம் வந்து குனிந்து கேட்டார்.

"உள்ள எத்தினி பேரு?"

"நா ஒர்த்தன்தாங்க" என்று கீழிருந்து உரக்கச் சொன்னார் முனிரத்தினம்.

பெரியவர் தலையாட்டிவிட்டு அங்கேயே நின்றார். வயதானவர்கள் வீட்டுக்கு யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று கேட்பது வழக்கம்தானே. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கம்ப்ரசருக்குப் போகும் வயரின் சாக்கெட் லூசாக ஆடிக்கொண்டிருந்தது. முனிரத்தினம் அதை அழுத்தி மாட்டி, இதுதான் திருடன் என்று அறிவித்துவிட்டு, சுவிட்சைப் போடச் சொன்னார். வேந்தன் போட்டான். டெஸ்ட் லைட் எரியவில்லை. அணைத்துப் போடச் சொன்னார். அப்போதும் எரியவில்லை.

வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு அவர் ஊர்ந்து வெளியே வருவதற்குள் கொஞ்ச நேரம் ஆனது. கேபினில் ஏறி அவரே சுவிட்சைப் போட்டார். கீழே 'டக்' என்று கம்ப்ரசர் பிடிக்கும் சத்தம் கேட்டது. இறங்கி ஃப்யூஸ் பெட்டியை மறுபடி திறந்து பார்த்தார். எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. பெரியவரும் இருந்த இடத்துக்கே, நாற்காலிக்குத் திரும்பிவிட்டிருந்தார்.

முனிரத்தினம் மறுபடி அடியில் புகுந்தார். மறுபடி கரண்டு இல்லை.

"தம்பி, மேல போனா கரண்டு கீது. கீழ வந்தா இல்ல. வண்டிக்கு என்னப் பாத்தா வெக்கமா?"

வெட்கத்துக்கு மருந்தாக ஒரு புது ரிலேயை மாற்றினார்கள். அவர் கீழே போனதும் அதுவும் வெட்கப்பட்டது. கீழே இரண்டு பேர் இருந்தால்தான் வயரைத் தொடர்ந்து பார்க்க முடியும் என்றார். வேந்தனும் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே புகுந்தான். சுவிட்சைப் போட ஆள் வேண்டுமே. பக்கத்து வீட்டு எல்வினைக் கூப்பிட்டார்கள். பெங்களூரில் வேலை, தினமும் ரயிலில் போய்வருபவன். அன்றைக்கு லீவு.

"உள்ள எத்தினி பேரு?"

"ரெண்டு, நைனா" என்றான் வேந்தன்.

கீழே படுத்திருந்தவனுக்கு அப்பாவின் செருப்பு மட்டும் பேட்டரிப் பக்கம் தெரிந்தது. இந்த வெயிலிலும் துணைக்கு வந்து நிற்கிறாரே என்று மனசு இளகியது. முட்டி வலிக்கும், போய் உட்காரு என்று கத்திச் சொன்னான். செருப்பு நகரவில்லை.

சுவிட்சைப் போட்டதும் கீழே தெரிய வேண்டும் என்பதற்காக, போட்ட கையோடு ஒரு ஹாரன் அடிக்கும்படி முனிரத்தினம் எல்வினிடம் சொல்லியிருந்தார். ஹாரனைக் காணோம். கூப்பிட்டுக் கேட்டார்.

"போட்டுட்டேண்ணா. ஹாரனும் வர்ல" என்றான் எல்வின்.

கீழே இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏசியைச் சரிசெய்யப் போய் ஹாரனும் போய்விட்டது. முனிரத்தினத்துக்குத் தன் தொழில் மேலேயே லேசாகச் சந்தேகம் வந்தது.

எல்வினுக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. இதைப் போல ஒரு கேஸை யூடியூபில் பார்த்திருப்பதாகவும், இது எர்த் பிராப்ளம் என்றும் சொன்னான். பேட்டரி நன்றாக இருக்கிறது என்று காட்ட இண்டிகேட்டரைப் போட்டு 'டிக் டிக்' என்று ஓடவிட்டு, போன் டார்ச்சோடு அவனும் அடியில் வந்து படுத்தான்.

"உள்ள எத்தினி பேரு?"

"மூணு பேரு அங்கிள்."

சற்று நேரத்தில் 'டிக் டிக்' நின்றுபோனது.

முனிரத்தினம் டெஸ்ட் லைட்டைச் சுருட்டினார். வண்டியின் வயரிங் மொத்தமாகப் போய்விட்டது, பெங்களூருக்குத்தான் கொண்டுபோக வேண்டும், ஒரு வாரம் பிடிக்கும் என்றார். அவரும் எல்வினும் ஊர்ந்து வெளியே வந்தார்கள்.

வேந்தன் மட்டும் வரவில்லை. வெளியே வந்தால் அடுத்த வேலை குடியாத்தத்துக்குப் போன் போடுவது. அதற்குக் கொஞ்ச நேரம் அடியிலேயே கிடக்கலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தான். அப்பாவின் செருப்பும் அங்கேயேதான் நின்றது.

அதற்குள் அவன் போனே அடித்தது. ஊர்ந்து வெளியே வந்து எடுத்தான். நிலாதான்.

"அம்மாவே பைய கட்டி வெச்சிட்டாங்க. பாப்பாக்குக் குல்லா கூட வாங்கிட்டேன், உன் ஊட்டி குளுருக்கு" என்று சிரித்தாள். பின்னால் குழந்தை சிணுங்குவது கேட்டது.

குல்லா என்ற வார்த்தையிலேயே வேந்தன் உடைந்துபோயிருந்தான். ஏசி வேலை செய்யவில்லை, நீ வர வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? "நிலா, ஒரு விசயம்" என்று மட்டும் ஆரம்பித்தான்.

அசோகன் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். வண்டிக்கு அடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நன்றாகப் பார்த்தார். நிமிர்ந்து, நின்றிருந்தவர்களை விரலால் ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணினார். பிறகு மகனின் கையை இழுத்து, தன் சட்டைப் பையிலிருந்து மூன்று சின்ன ஃப்யூஸ்களை எடுத்து அதில் வைத்தார்.

"மூணு பேரும் வெளிய வந்துட்டீங்க இல்ல, இனிமே லைன் போட்டுக்க. மைன்ல மாதிரி, ஆள் உள்ள இருக்கச்சொல்ல ஆளுக்கு ஒரு ஃப்யூஸ் என் பாக்கெட்ல இருந்தாத்தான் எனக்கு நிம்மதி."