பாசிட்டிவ் என்று ஒரு வரி

இந்தச் சனிக்கிழமை என் முதுகு யாருக்கும் வாடகைக்கு இல்லை என்று தீர்மானம் நிறைவேற்றினேன். ஏகமனதாக. கூட்டத்தில் நான் ஒருவன்தான் இருந்தேன் என்பது வேறு விஷயம்.

காரணம் என் மச்சினன். என் மனைவிக்கு ஒரே தம்பி, எனக்கு ஒரே தலைவலி. வீடு மாற்றுகிறான். இருப்பது நாலாவது மாடி, போவது இன்னொரு நாலாவது மாடி. இரண்டிலும் லிஃப்ட் கிடையாது. அவன் வளர்ப்பது மீன். கண்ணாடித் தொட்டியை வெளியாள் தூக்கினால் உடைந்துவிடுமாம். மாமா தூக்கினால் உடையாதாம். மாமா உடைந்தால் பரவாயில்லையாம்.

அந்த நேரத்தில்தான் எங்கள் ஆபீஸ் கேன்டீன் சமையல்காரருக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஹெபடைட்டிஸ் ஏ. அவர் கையால் சாப்பிட்ட எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை என்றார்கள். என் மச்சினனும் மத்தியானமானால் என் பெயரைச் சொல்லி அங்கேதான் சாப்பிடுவான். சோற்றுக்கு வந்தவன் ஊசிக்கு வரவில்லை.

லேப்காரம்மா என் ரிசல்ட்டை நீட்டினார். இரண்டே வரி. ஐஜிஎம் நெகட்டிவ், ஐஜிஜி பாசிட்டிவ்.

“பாசிட்டிவா? போச்சு!”

“ஒண்ணும் போகல சார். இப்ப நோய் வந்திருந்தா ஐஜிஎம் காட்டும். உங்களுக்கு அது இல்ல. ஐஜிஜி இருக்குன்னா முன்னாடி எப்பவோ வந்து போயிருக்கு, இல்ல தடுப்பூசி போட்டிருக்கீங்க. இனிமே இந்தக் காமாலை உங்க பக்கமே வராது.”

வேறு எவனாக இருந்தாலும் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பான். நான் படிக்கட்டில் நின்று பேப்பரை மடித்தேன். முதல் வரி உள்ளே போயிற்று, ‘பாசிட்டிவ்’ மட்டும் வெளியே தெரிந்தது. கலையழகோடு மடித்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

“என்னங்க இது?”

“பாத்தா தெரியல? பாசிட்டிவ்.” குரலைக் கொஞ்சம் நடுங்கவிட்டேன்.

“ஐயையோ! கண்ணு வெள்ளையாத்தானே இருக்கு?”

“இனிமேதான் மஞ்சளாகும். ஒரு வாரம் படுக்கணும். பாரம் தூக்கவே கூடாது. முக்கியமா கண்ணாடிப் பாரம்.”

அவள் பேப்பரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “சரி, படுங்க,” என்று பின்பக்க அறையைத் திறந்துவிட்டாள். எனக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர், தனித் துண்டு. கஞ்சி கட்டிலுக்கே வந்தது. சனிக்கிழமை மச்சினன் போனில் அழாத குறையாகப் புலம்பினான். வீடு மாற்றம் தள்ளிப் போயிற்று. நான் போர்வைக்குள் சிரித்தேன். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு நிம்மதி கிடைத்ததில்லை.

திங்கட்கிழமை மனைவி அறை வாசலில் வந்து நின்றாள்.

“தம்பிக்கு வாந்தி, காய்ச்சல், கண்ணெல்லாம் மஞ்சள். டெஸ்ட் எடுத்தாச்சு. ஐஜிஎம் பாசிட்டிவ். இங்க கூட்டிட்டு வரேன், நீங்க பாத்துக்கோங்க.”

“நானா? நோயாளி எப்படி நோயாளியைப் பாக்கறது?”

“உங்களுக்குக் காமாலை இருக்குல்ல?”

“இருக்கு. பேப்பரே சொல்லுதே.”

“அப்ப அவன்கிட்ட இருந்து புதுசா என்ன ஒட்டப் போகுது? ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருங்க.”

எழுந்து உட்கார்ந்தேன். “இரு, இரு. ஒருவேளை எனக்கு இல்லைன்னு வெச்சுக்கோ...”

“இல்லைன்னா இன்னும் நல்லது. அந்த பாசிட்டிவ், வந்து போனதுக்கு. இனிமே உங்களுக்கு வராது. உங்களை விட்டா அவனைப் பாத்துக்க வேற யாரு இருக்கா?”

எந்தப் பக்கத்திலிருந்து கழித்தாலும் மீதி நான்தான் வந்தேன்.

“உனக்கு இதெல்லாம் யார் சொன்னது?”

“டீச்சருங்க நான். மடிச்ச பேப்பரை விரிச்சுப் பாக்கறதுதான் என் பொழப்பே.”

“அப்ப நீ பாத்துக்கக் கூடாதா?”

“நான் தினமும் பிள்ளைங்க நடுவுல நிக்கறவ. இந்த ரூம் பக்கமே வர மாட்டேன்.”

நியாயம்தான்.

மச்சினன் வந்தான். கூடவே மீன்களும் வந்தன, தனியாக விட்டால் ஏங்கிப் போகுமாம். தொட்டியை யார் தூக்கி வந்தது என்று கேட்காதீர்கள். அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. எலுமிச்சம்பழம் மாதிரி கண். எழுந்து நிற்கத் தெம்பில்லை. ஆனால் உடம்பு முழுக்கச் சோர்ந்தாலும் வாய் மட்டும் சோரவில்லை.

“மாமா, கஞ்சி சூடா இருக்கு.” “மாமா, கஞ்சி ஆறிப்போச்சு.” “மாமா, அந்த ஆரஞ்சு மீன் ஏன் மொறைக்குது?” “மாமா, கையை நல்லா சோப்புப் போட்டுக் கழுவுனீங்களா?”

கஞ்சி காய்ச்சினேன். துண்டு துவைத்தேன். கழிவறையைத் தேய்த்த தேய்ப்பில் என் முகம் அதில் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்க்கத்தான் எனக்குச் சகிக்கவில்லை. இடையில் பள்ளிக்கூடம் விடுமுறை விட்டார்கள். மனைவி கூடத்துச் சோபாவில் கால் நீட்டிப் படுத்தாள். நான் வைக்கும் சாப்பாட்டையே அவளும் சாப்பிட்டாள். “உப்பு கம்மி,” என்று அங்கிருந்தே மார்க் போட்டாள்.

ஒருநாள் நான் துணி காயப்போட்டுவிட்டு வந்தால், அவள் கட்டிலில் தம்பி பக்கத்திலேயே உட்கார்ந்து அவன் தலையைக் கோதிக்கொண்டிருக்கிறாள். எனக்கு உயிரே போயிற்று.

“எழுந்திரு! உனக்கும் ஒட்டிக்கப் போகுது!”

“ஒட்டாதுங்க. எனக்கும் ஐஜிஎம் நெகட்டிவ், ஐஜிஜி பாசிட்டிவ்.”

“நீ எப்ப டெஸ்ட் எடுத்தே?”

“நீங்க படுத்த அன்னிக்குச் சாயங்காலமே. வீட்ல ஒருத்தருக்கு வந்தா கூட இருக்கறவங்களும் எடுக்கணுமாமே. பயந்துபோய் ஓடினேன். மறுநாளே ரிசல்ட் வந்துருச்சு. அப்படியே உங்க பேப்பர் மாதிரியே இருந்துச்சு. லேப்காரம்மா ரெண்டு வரியையும் பொறுமையா விளக்கினாங்க.”

கையிலிருந்த வாளி நழுவிற்று.

“அப்ப... இவனை நீயே பாத்திருக்கலாமே!”

“பாத்திருக்கலாம். ஆனா ஒரு வாரம் சும்மா படுத்துக் கிடக்கணும்னு எனக்கு மட்டும் ஆசை இருக்காதா?”