கீழே கோடு இல்லாத சேர்

படிப்பிக்கிறவர்களைக் கண்டால் கதிரையை விட்டு எழும்புகிற வியாதி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. நாற்பது வயது தாண்டி லப்டொப்புக்கு முன்னாலும் எழும்பினேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

அன்புவழிபுரத்தில் ஒரு முன்பள்ளியில் நான் ரீச்சர். டிப்ளோமா இல்லாதவர்களுக்கு அடுத்த வருடம் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். டிப்ளோமாவோ ஒன்லைனில். எனக்குத் தெரிந்த இன்டர்நெட், வட்ஸ்அப்பில் வருகிற காலை வணக்கம் மட்டும்தான். துறைமுகத்தில் வெல்டிங் வேலை செய்கிற என் கணவர், பிரவுசரைத் திறப்பது, லிங்கைத் தட்டுவது எல்லாம் ஒரு பின்னேரம் காட்டித் தந்தார். ("மூலையில இருக்கிற பெருக்கல் குறியைத் தொட்டிடாதையும்" என்றார். அன்றைக்கே மூன்று தரம் தொட்டேன்.)

முதல் பாடத்தின் லிங்கைத் தட்டியதும் திரையில் படிப்பிக்கிற சேர் ஒருவர் வந்து, "எல்லாருக்கும் வணக்கம்" என்றார். எழும்பி, "வணக்கம் சேர்" என்றேன். இருக்கச் சொல்லாததால் கொஞ்ச நேரம் நின்றே படித்தேன். பிறகு வந்த நாட்களிலும் சாறி கட்டி, பவுடர் பூசி, பிள்ளைகளை அடுப்படிக் குசினிக்குள் அடைத்துவிட்டுத்தான் பாடம். "விளங்குதா?" என்று சேர் கேட்கும்போதெல்லாம் "ஓம் சேர்" என்றேன். ஒருநாள் உண்மையாகவே விளங்கவில்லை.

"இல்லை சேர், திரும்ப ஒருக்காச் சொல்லுங்கோ."

"நல்லது" என்று சேர் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கணவர் வந்து, திரையின் கீழே கிடந்த கோட்டைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார். சேர் திரும்பவும் "எல்லாருக்கும் வணக்கம்" என்றார்.

"உமக்கென்ன விசரே? இது எப்பவோ எடுத்த வீடியோ. அந்த மனிசன் இப்ப எங்க நித்திரையோ!"

எனக்கு வெட்கத்தை விடக் கோபம்தான் கூட. இத்தனை சாறியையும் தோய்த்தது யார்? அன்றோடு சேருக்கு மரியாதை ரத்து. மிச்சப் பாடங்களை நைட்டியோடு, மீன் வெட்டிக்கொண்டு, கோட்டை முன்னுக்கு இழுத்து இழுத்து முடித்தேன்.

கடைசியில் வாய்மொழிப் பரீட்சை. அதில் சித்தியடைந்தால்தான் வேலை. என் முறை வர இன்னும் நேரம் கிடக்கிறதுதானே என்று, புட்டுக் கோப்பையோடு இருந்து லிங்க் வேலை செய்கிறதா என்று தட்டிப் பார்த்தேன். கமராவுக்கும் மைக்குக்கும் அனுமதி தரவோ என்று பிரவுசர் கேட்டது. (அது எதைக் கேட்டாலும் ஓம் என்று தட்டிவிடுவது என் வழக்கம்.) அதே சேர் வந்தார். "வணக்கம் ரீச்சர்" என்று சொல்லி, பரீட்சை விதிகளை விளக்கத் தொடங்கினார். ரீச்சர்மாருக்கான வீடியோவில் வேறெப்படிக் கூப்பிடுவார்?

புட்டைக் குழைத்தபடி குசினிப் பக்கம் நின்ற கணவருக்குக் குரல் கொடுத்தேன்: "இஞ்சேருங்கோ, இந்த மனிசன் துவங்கிட்டார். இனி அரை மணித்தியாலம் அலட்டுவார். இழுத்துவிடுவமெண்டால் கீழே கோட்டையும் காணேல்ல!"

சேர் நிறுத்தினார்.

"கோடு இல்லை ரீச்சர். நான் நேரடியா இருக்கிறன்."

திரையில் அவருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களும் நேரடியாகத்தான் இருந்தார்கள். நான் படாரென்று எழும்பினேன். என் தலை போய், கமராவில் நைட்டியின் பெரிய பூக்கள் மட்டும் தெரிந்தன. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"இருங்கோ ரீச்சர்," என்றார் சேர். கையில் புட்டோடு இருந்தேன். "ஒரு பிள்ளை தனக்கு விளங்கேல்ல எண்டு சொன்னால் என்ன செய்வீங்கள்?"

படித்ததெல்லாம் மறந்துபோயிருந்தது. "கட்டாயம் பதில் சொல்லுவன் சேர்," என்றேன். "சொல்லாட்டி அது அழும். சத்தியமா அழும்."

சேர் என்னையே பார்த்தார். பிறகு எதையோ எழுதினார். டிப்ளோமா கிடைத்துவிட்டது.

இப்போது வீட்டில் நான் ஏச ஆரம்பித்தால் கணவர் என் முகத்தில் நாடிக்குக் கீழே உற்றுப் பார்த்து, "கோட்டைக் காணேல்லையே" என்கிறார். அதையாவது பொறுக்கலாம். போன ஞாயிறு பூசையில் பாதரின் பிரசங்கம் கொஞ்சம் நீண்டுவிட்டது. என் சின்ன மகள் கோயிலே கேட்கும்படி, "அம்மா, இவருக்குக் கோடு இருக்கோ?" என்றாள். பாதர் அந்த இடத்திலேயே ஆமென் சொல்லிவிட்டார்.