முன் சில்லு மாத்துன கதை

அன்னைக்கு எனக்கிருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். பைக்கோட முன் சில்லையும், அதாங்க முன் சக்கரத்தையும், பிரேக்கையும் மாத்தணும். காலையில ஹட்டன் போயி, சாயந்திரம் திரும்பி வரணும். இதுல என்னங்க கஷ்டம்?

நான் வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல, ஃபெக்டரிக் கணக்கெழுதுற கிளாக்கர். எம் பொஞ்சாதி ஸ்டெல்லா டயகமவுல டீச்சர். ஞாயித்துக்கிழமை அவளையும் கைக்குழந்தையையும் பாக்கப் போகணும்னா பைக்கு இருந்தாத்தான் உண்டு. பஸ்ஸ நம்பிப் போனா, முகத்தக் காட்டிட்டு அப்படியே திரும்பிற வேண்டியதுதான்.

பைக்கு, உலகச் சண்டைக்கு முந்துன காலத்து இங்கிலீஸ் பைக்கு. சின்னத்துரை ஒருத்தர் சீமைக்குப் போறப்ப என் தலையில கட்டிட்டுப் போனாரு. முன் சில்லு வேற ஏதோ கம்பெனி. பிரேக் இன்னொரு கம்பெனி. கைப்பிடிய அஞ்சு விரலாலயும் நெரிச்சாலும் சத்தம்தான் வரும், வண்டி நிக்காது. பின் பிரேக்கு மேட்டுல நல்லாப் பிடிக்கும். எறக்கத்துல எம் பூட்ஸ்தான் பிரேக்கு.

அத ஒரு மாதிரி சமாளிச்சுக்கிட்டுதான் இருந்தேன். வினை துரை ரூபத்துல வந்துச்சு.

எங்க தோட்டத்துல ஒரு சட்டம். எதிர்க்க தோட்டத்து மேனேஜர் பெரிய துரை வந்தா, சைக்கிளோ பைக்கோ, எறங்கி, தொப்பியக் கழட்டி, தண்ணி ஓடுற கான் ஓரமா நிக்கணும். நாட்டுக்குச் சுதந்திரம் கெடச்சாச்சு, கொழும்புல கொடியெல்லாம் மாத்தியாச்சு. தோட்டத்து ரோட்டுக்கு மட்டும் அந்தச் சேதி இன்னும் வந்து சேரல. ஆளுங்கள வேலை வாங்குற எங்க பெரிய கங்காணிக்கு முட்டிவலி. துரையக் கண்டு சைக்கிள்ல இருந்து எறங்கிட்டாருன்னா, திரும்ப ஏத்தி விட ரெண்டு பேர் வேணும். அவரே எறங்குவாரு!

போன வாரம் ஃபெக்டரி எறக்கத்துல வாரேன். வளைவுல துரை, நாயோட நிக்கிறாரு. பிரேக்க நெரிச்சேன். கிரீச்சுன்னுச்சு. நின்னுச்சா? எங்க நிக்கிறது!

எறங்கத்தான் முடியல, மரியாதையாவது குடுப்போம்னு தொப்பியக் கழட்டி, "சலாம் துரை!"ன்னேன். சொல்லி முடிக்கிறதுக்குள்ள துரை பின்னால போயிட்டாரு. நாய் மட்டும் தொழிலாளிங்க லயத்து வீடுங்க வரைக்கும் கூடவே வந்து வழியனுப்பிட்டுப் போச்சு.

மறுநாள் ஆபீஸுக்குக் கூப்பிட்டாரு.

"ஏன் மேன் நீ எறங்கல?"

"எறங்கத்தான் துரை பாத்தேன். பைக்கு விடல."

"இந்தத் தோட்டத்துக்கு நான் துரையா, பைக்கு துரையா?"

வெளிய நிக்கிற பைக்க ஒரு பார்வை பாத்தேன்.

"இன்னொரு தரம் எறங்காம போனா, பைக்கு தோட்டத்துல இருக்கக் கூடாது. தெரியுமா?"

பைக்கு போச்சுன்னா ஞாயித்துக்கிழமை போச்சு. அப்பா யாருன்னு ஸ்டெல்லா எம் புள்ளைக்குப் போட்டோவுலதான் காட்டணும்.

அதான் ஹட்டன் பயணம். அங்க பைக்கு வேலை பாக்குற சிங்களவர் ஒருத்தர். மேஸ்திரிங்கிற அர்த்தத்துல பாஸ்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம். யாரையும் மாத்தயா, அதாவது ஐயான்னுதான் கூப்பிடுவாரு, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். முன்னாலயும் பின்னாலயும் குனிஞ்சு பாத்துட்டு, என்னைய அனுதாபமாப் பாத்தாரு.

"ஐயோ மாத்தயா, இது ஒரு பைக்கு இல்ல, மூணு பைக்கு. கல்யாணம் கட்டாம ஒரே வீட்டுல இருக்குதுங்க."

நானும் ஒத்தாசை பண்றேன்னு சில்லக் கழட்டினேன். வண்டி எம் மேல சாஞ்சுச்சு. பாஸும் கடையில இருந்தவங்களும் சிரிச்சு முடிச்சிட்டுத்தான் தூக்கி விட்டாங்க. அச்சுக்குள்ளேருந்து பால் டின் மூடி ஒண்ணு விழுந்துச்சு. சில்லு ஆடாம இருக்க எவனோ வெட்டி வச்சிருக்கான். இத்தன நாளா எம் உசுரு ஒரு பால் டின்ன நம்பி ஓடிருக்கு.

நல்ல வேளை, கினிகத்தேனையில பள்ளத்துல விழுந்து செத்துப்போன இதே மாதிரி பைக்கு ஒண்ணு பாஸ்கிட்ட கெடந்துச்சு. சில்லு, டிரம்மு, பிரேக் சூ, கேபிள் எல்லாத்தையும் அதுலேருந்து கழட்டி மாட்டுனாரு. எல்லாம் ஒரே வீட்டுப் புள்ளைங்க மாதிரி பொருந்துச்சு.

கெளம்புறப்ப பாஸ் சொன்னாரு: "மாத்தயா, இனி ரெண்டு விரல் போதும்."

"சரி சரி"ன்னேன். காது கேட்டுச்சு. கைக்கு யார் சொல்றது?

தோட்டத்து ரோட்டுல நொழஞ்சதும் எனக்கு ஒரு ஆசை. அந்தத் தோட்டத்துல துரை எதிர்க்க வரணும்னு வேண்டிக்கிட்ட மொத ஆள் நானாத்தான் இருப்பேன். வந்தாரு! கொழுந்து மலையோரமா துரை, பக்கத்துல பெரிய கங்காணி, கால்மாட்டுல நாய். மலை நெறயக் கொழுந்தெடுக்குற பொம்பளைங்க.

இன்னைக்குக் காட்டுறேன் பாருன்னு நெஞ்ச நிமித்தி, கிட்டக்க வந்து, பிரேக்கப் பிடிச்சேன். அஞ்சு விரலாலயும்.

சில்லு நின்னுச்சு. பைக்கு நின்னுச்சு. நான் மட்டும் நிக்கல.

கைப்பிடிக்கு மேலால பறந்து, துரையோட பூட்ஸுக்கு முன்னால குப்புற விழுந்தேன். தொப்பி எனக்கு முன்னாலயே போயி எறங்கிருந்துச்சு. மலையில ஒரு பொம்பளை, "ஆத்தாடி! கோயில்லகூட இப்படி யாரும் விழமாட்டாங்களே!"ன்னா. நாய் வந்து மோந்து பாத்துட்டு, மனசு கேக்காம எம் மூஞ்சிய நக்குச்சு.

துரை வெலவெலத்துப் பின்னால போனாரு. "என்னா மேன் இது?"

கீழ கெடந்தபடியே சொன்னேன்: "எறங்கிட்டேன் துரை."

துரை பைக்கப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு, ரத்தம் வடியுற எம் முட்டியப் பாத்தாரு. "வேணாம் மேன்! நீ இனிமே எறங்க வேணாம். என்னையக் கண்டா நிக்காத. போ! நேரா போயிரு!"

ஞாயித்துக்கிழமை டயகமவுல, ஸ்டெல்லா எம் முட்டிக் கட்டப் பிரிச்சு மருந்து போட்டா. "எறங்குனீங்களா, விழுந்தீங்களா?"

"துரைக்கு முன்னால ரெண்டும் ஒண்ணுதான்டி"ன்னேன். புள்ள எங்க ரெண்டு பேரையும் பாத்துச் சிரிச்சுச்சு. அந்தச் சிரிப்புக்கு இன்னொரு முட்டியும் போகலாம்.

இப்ப அந்த ரோட்டுல துரையக் கண்டும் வண்டியில உக்காந்தபடியே போற ஒரே ஆள் நான்தான்.

நேத்து பெரிய கங்காணி ஃபெக்டரிப் பக்கம் வந்தாரு. சுத்தியும் முத்தியும் பாத்துட்டு எங் காதுல ரகசியமாக் கேட்டாரு:

"கிளாக்கரய்யா, அந்த பிரேக்க சைக்கிளுக்கும் மாட்டுவாங்களா?"