மூன்று செகண்டும் மூன்று பொத்தான் கோட்டும்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

தங்கள் மைத்துனன் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் என் மனைவியும் மகளும் சுகம். அங்கே தாங்களும் அக்காவும் அக்காவின் முழங்காலும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். இதற்கு மேல் நலம் விசாரித்தால், "அதெல்லாம் இருக்கட்டும், கோட் எப்படி இருந்துச்சுன்னு எழுதியிருக்கானா பாரு" என்று கடிதத்தை அக்காவிடம் தள்ளிவிடுவீர்கள். போனில் சொல்லலாம் என்றால், உங்கள் கடையில் நான்கு தையல் மெஷின் ஓடுகிற சத்தத்தில் நான் அழுதாலும் சிரித்தாலும் "சரி சரி, வெச்சிடு" என்பதுதான் பதில். ஆகவே எழுதுகிறேன். கோட் பிரமாதமாக இருந்தது. வினையே அதில்தான் ஆரம்பித்தது.

முதலில், நான் எதற்காக அந்த மென்பொருள் மாநாட்டுக்குப் போனேன் என்பதை அக்கா உங்களுக்குச் சரியாகச் சொல்லியிருக்க மாட்டாள். "கம்ப்யூட்டர்ல பரிசு வாங்கப் போறான்" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்ததாகக் கேள்வி. பரிசும் இல்லை, ஒன்றும் இல்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சின்னக் குழாய்களில் பெயர்ச் சீட்டு ஒட்டுவார்கள் அல்லவா, அந்தச் சீட்டை அச்சடிக்கிற புரோகிராமைப் பத்தொன்பது வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அதில் ஒரு வரி இருக்கிறது. ஒவ்வொரு சீட்டுக்கும் முன்னால் மூன்று செகண்ட் சும்மா இரு என்று அது இயந்திரத்துக்குச் சொல்கிறது. பக்கத்தில் ஒரு குறிப்பு: "இந்த வரியை எடுக்காதே. எடுத்தால் அழுவாய்." கீழே என் பெயர். எழுதியவன் நான்தான், ஏன் எழுதினேன் என்பது மட்டும் சுத்தமாக நினைவில்லை. இத்தனை வருடமும் யார் கேட்டாலும் "அது பெரிய கதைப்பா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். புதிதாக வந்திருக்கும் மேலாளர் அதற்கெல்லாம் மசிகிற ஆள் இல்லை. "அந்த ஒரு வரிக்குக் காரணம் சொல்லுங்க சார். எழுதினவருக்கே புரியலைன்னா, அடுத்த மாசக் கடைசியில மொத்தத்தையும் நிறுத்திட்டு வேற வாங்கிடலாம்" என்றார். பத்தொன்பது வருடம், அத்தான். என் மகளைவிட அதற்கு ஒரு வயதுதான் குறைச்சல். மாநாட்டுக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவருக்குத் தெரியாதா என்ற நப்பாசையில், "எனக்கே காரணம் தெரியாத ஒரு வரி" என்று தலைப்பு எழுதி அனுப்பினேன். கிண்டல் என்று நினைத்தார்களோ என்னவோ, ஒத்துக்கொண்டுவிட்டார்கள்.

"மேடை ஏறுறவன் வெறும் சட்டையோட போனா எனக்குத்தான் கேவலம்" என்று நீங்கள் தைத்து அனுப்பிய கருநீலக் கோட்டில், மூன்று பொத்தானையும் போட்டுக்கொண்டு, காலை எட்டரைக்கே அரங்க வாசலில் நின்றேன். நானூறு பேர் வந்தார்கள். நானூறு பேரும் டீ-ஷர்ட். அந்தக் கட்டடத்திலேயே கோட் போட்டவர்கள் இரண்டு பேர்தான்: நான் ஒருவன், அரங்கத்தின் நிர்வாகி இன்னொருவர். அவருடையதும் கருநீலம். அவரோ எங்கேயோ மறைந்துவிட்டார். முதலில் ஒருவர் வந்து "சார், டாய்லெட் எந்தப் பக்கம்?" என்றார். தெரியாது என்றேன். "இங்கயே வேலை பார்த்துக்கிட்டு தெரியாதுங்கறீங்க" என்று முறைத்துவிட்டுப் போனார். அவமானமாகிவிட்டது. நானே தேடிப் போய்ப் பார்த்து வந்து, அதற்குப் பிறகு கேட்ட பதினோரு பேருக்கு வழி சொன்னேன். அப்புறம் காபி தீர்ந்துவிட்டது என்று ஒருவர், நாற்காலி ஆடுகிறது என்று ஒருவர், ஏசி குளிர் தாங்கவில்லை என்று சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு அம்மா. நான் சமையல்கட்டில் போய்ச் சொன்னேன், காபி வந்தது; ஏசிக்காரரிடம் சொன்னேன், குளிர் குறைந்தது. எங்கள் ஆபீஸில் இத்தனை வருடத்தில் என் சொல்லுக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை. எல்லாம் உங்கள் கோட் செய்த வேலை.

ஒரே ஒரு கஷ்டம். பேசுவதற்கு எழுதி வைத்திருந்த தாளைப் பையில் வைக்கலாம் என்று பார்த்தால், கோட்டின் இரண்டு பையையும் வாயை மூடித் தைத்திருந்தீர்கள். பிரிக்கலாமா என்று நகத்தைக் கொண்டு போனேன். ஆனால் நீங்கள் காரணமில்லாமல் ஒரு குத்து ஊசி குத்துகிறவர் இல்லையே. பிரித்து, மேடையில் வேறு எங்காவது தையல் விட்டுப்போனால் என்ன செய்வது? தாளைக் கையிலேயே வைத்துக்கொண்டேன். மத்தியானத்துக்குள் வியர்வையில் மை கரைந்து, என் சொற்பொழிவில் "வணக்கம்" மட்டும்தான் மிச்சம்.

சாப்பாட்டுக்குப் பிறகு என் முறை. பாதி அரங்கம் தூக்கக் கலக்கத்தில் இருந்தது. மேடையில் ஏறினால் மைக் பார்க்கிறவர் ஓடி வந்து, "சார், கீழ இறங்குங்க, ஸ்பீக்கர் வரப் போறாரு" என்கிறார். "நான்தாங்க அந்த ஸ்பீக்கர்" என்றேன், அது மைக்கில் கேட்டுவிட்டது. டாய்லெட்டுக்கு வழி கேட்ட பதினோரு பேரும் வெவ்வேறு மூலையிலிருந்து சிரித்தார்கள், தூங்கினவர்கள் எழுந்துகொண்டார்கள். லேப்டாப்பைத் திறந்தால், அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ள அந்த நேரம் பார்த்து உட்கார்ந்திருந்தது. திரையில் "இருபத்து மூன்று சதவீதம்" என்பதைத் தவிர ஒன்றுமில்லை. தாளும் இல்லை, படமும் இல்லை. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன், அத்தான். "இந்த வரியை நான்தான் எழுதினேன். ஏன்னு எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமா தெரிஞ்ச மாதிரி நடிச்சேன். இனிமே முடியல."

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. முன் வரிசையில் ஒருவர் கையைத் தூக்கி, "எங்க ஆபீஸ்லயும் அப்படி ஒண்ணு இருக்கு சார்" என்றார். பின்னால் இன்னொரு கை. காலையில் ராக்கெட் வேகத்தில் பேசி எல்லோரையும் மிரட்டிய பெண் எழுந்து, "எங்ககிட்ட நாப்பது வரி இருக்கு" என்றாள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த அரங்கத்தில் எல்லோரும் எல்லாம் தெரிந்தவர்கள், நான் ஒருவன்தான் ஏமாற்றிக்கொண்டு பிழைக்கிறேன் என்று எண்ணி இத்தனை காலம் பயந்திருந்தேன். அந்தப் பயம் அங்கேயே இறங்கிவிட்டது.

அப்போதுதான் சால்வை அம்மா எழுந்தார். இப்போது மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிற வேலையாம். முன்பு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தாராம். "அந்தக் காரணம் எனக்குத் தெரியும் சார். அப்ப பிரின்டர் மெதுவா ஓடும். ரெண்டு சீட்டு ஒட்டிக்கிட்டு வந்து, ஒருத்தர் பேரு இன்னொருத்தர் குழாய்ல போயிடும். ஒரு நாள் ஒரு குழந்தையோட ரிப்போர்ட் மாறப் பார்த்துச்சு. வேலையே வேணாம்னு இருந்தேன். கம்பெனிக்குப் போன் பண்ணேன். ஒருத்தர் வாயில எதையோ மென்னுக்கிட்டே, 'பத்து நிமிஷம் கொடுங்கம்மா'ன்னார். அதுக்கப்புறம் ஒரு சீட்டு மாறல. அவரு யாருன்னு தெரியாமலே இத்தனை வருஷம் நன்றி சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றார்.

வாயில் எதையோ மென்றுகொண்டு போன் பேசுகிறவன் யார் என்று அக்காவைக் கேளுங்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேடையிலிருந்து இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என்னுடைய மூன்று செகண்ட் ஒரு மனுஷியை வேலையில் நிற்க வைத்திருக்கிறது, ஒரு குழந்தையைக் காப்பாற்றியிருக்கிறது. மறுநாள் மேலாளரிடம் சொன்னேன். "சரி சார், காரணம் இருக்குன்னா நிறுத்த வேணாம்" என்றார்.

இதற்கெல்லாம் நான் உங்களுக்குத்தான் கடமைப்பட்டிருக்கிறேன். கோட் இல்லையென்றால் ஏசியைக் குறைத்திருக்க மாட்டேன். ஏசியைக் குறைக்கவில்லையென்றால் அந்த அம்மா குளிருக்குப் பயந்து மதியத்துக்கு முன்பே வீட்டுக்குப் போயிருப்பார். அவரே அப்படித்தான் சொன்னார். உங்கள் கைக்கும் கத்தரிக்கும் எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும். அக்காவின் முழங்காலுக்கு என் தனிப்பட்ட விசாரிப்பைச் சொல்லவும்.

என்றும் தங்கள் அன்புக்குரிய,
மைத்துனன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் நான்கு நாள் ஓடிவிட்டது. அதற்குள் நடந்தது இது. அந்த மெதுவான பிரின்டர்தான் இப்போது எங்கேயும் இல்லையே, இனி அந்த வரி எதற்கு என்று தைரியமாக எடுத்துப் பார்த்தேன். சோதனை மெஷினில்தான், பயப்படாதீர்கள். சீட்டெல்லாம் வெள்ளையாக வந்தது, ஒரு எழுத்து இல்லை. குறிப்பில் எழுதியிருந்தபடியே கிட்டத்தட்ட அழுதேன். சால்வை அம்மாவுக்குப் போன் செய்தேன். அவர், "சார், உங்க சீட்டு ஓரத்துல பச்சைக் கோடு உண்டுல்ல?" என்றார். எங்கள் சீட்டில் எந்தக் காலத்திலும் கோடு கிடையாது. அது வேறு கம்பெனி. மென்றுகொண்டு பேசியவரும் வேறு யாரோ. இரண்டு பேரும் வெகுநேரம் சிரித்தோம். கடைசியில் அவர், "பரவாயில்ல, அந்த நன்றிய நீங்களே வெச்சுக்கோங்க. அவரைத் தேடிக் கண்டுபிடிக்கிற வரைக்கும்" என்றார்.

மேலாளரிடம் போய், "காரணம் தெரியாது, எடுத்தா சீட்டு வெள்ளையா வருது" என்று நேராகவே சொல்லிவிட்டேன். அவர், "வரியைத் திரும்பப் போட்டுட்டீங்களா? சரி, ஓடட்டும். எடுத்தா என்ன ஆகும்னு இப்ப தெரிஞ்சிடுச்சுல்ல. போன மாசம் கேட்டப்பவே இப்படி எடுத்துப் பார்த்துச் சொல்லியிருந்தா நான் ஏன் சார் நிறுத்தறேன்னு சொல்லப் போறேன்" என்றார்.

கோட்டுப் பையை இன்னும் பிரிக்கவில்லை. காரணத்தை எழுதி அனுப்புங்கள். உங்களுக்கே நினைவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.