மூக்குச் சாட்சி

"அதாவது, என் வீட்டுப் புகையை இது உறிஞ்சும். உறிஞ்சிட்டு என் வீட்டுக்குள்ளயே திருப்பி விடும். அதை நான் வாங்கணும். அப்படித்தானே?"

கடைக்காரர் பொறுமையாகச் சிரித்தார். "நடுவுல கரி ஃபில்டர் இருக்கு சார். வாசனையை அது பிடிச்சு வச்சுக்கும்."

"பிடிச்சு வச்சதை நீங்க பார்த்தீங்களா?"

கேட்டவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். இருபத்தாறு வருஷ சர்வீஸில் அவரை ஏமாற்றியவர் ஒருவரும் கிடையாது. தூங்குவதுபோல் நடிப்பவனின் இமையைப் பார்த்தே டிக்கெட் இல்லை என்று கண்டுபிடித்துவிடுவார். போயும் போயும் ஒரு சமையலறைச் சிம்னியிடம் ஏமாந்தார் என்று பேர் வந்தால், அப்புறம் எந்த முகத்தோடு வண்டி ஏறுவது?

வாங்காமலும் இருக்க முடியாது. வெளிச்சுவரில் ஓட்டை போடக் கூடாது என்பது குடியிருப்புச் சங்கத்தின் சட்டம். ஆகவே குழாய் இல்லாத சிம்னிதான் கதி. மனைவியோ கறாராகச் சொல்லிவிட்டாள்.

"கண்ணெல்லாம் எரியுது. சிம்னி வர்ற வரைக்கும் நான் அடுப்புப் பக்கமே வரமாட்டேன்."

வீட்டில் மாட்டிச் சோதித்துப் பார்த்து வாங்கலாம் என்று கடையில் சொன்னார்கள். யாரையும் நம்பாத பரிசோதகர் வாணலியைத் தானே கையில் எடுத்தார். முதல் மாடலுக்கு வெங்காயம் வதக்கினார். ஒரு வாசனையும் தெரியவில்லை. உடனே சந்தேகம் வந்தது. அடுப்படியிலேயே நின்று மரத்துப்போன மூக்கை எப்படி நம்புவது?

கடைக்காரருக்கு விற்றாக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு இவர்மேல் பொறாமை. உலகத்தில் மீதி இருந்தது ஒரே ஒரு நடுநிலையான மூக்கு. அதை ஹாலில் சோபாவில் உட்கார வைத்தார்.

"வாசனை வருதா?"

மனைவி கண்ணை மூடி இழுத்துப் பார்த்தாள். "வருதே! ஆனா வெங்காயத்தை வச்சு என்னங்க முடிவு பண்றது? மீன் வறுத்துப் பாருங்க. அதுலதான் குட்டு வெளிப்படும்."

நியாயமாகத்தான் பட்டது. இரண்டாவது மாடலுக்கு மீன் வறுத்தார். கருகியது. மூன்றாவதற்கு வேகவில்லை. ஒவ்வொரு தடவையும் மனைவி ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டு, யோசித்து, உதட்டைப் பிதுக்கினாள்.

"மோந்து பார்த்தாப் போதாதா? எதுக்குச் சாப்பிடறே?"

"எவ்வளவு எண்ணெய் ஆவியாச்சுன்னு தின்னு பார்த்தாத்தானே தெரியும்?"

ஆறாவது வாரத்தில் விஷயம் முற்றியது. சீருடையில் மீன் வாடை ஏறிவிட்டது. அவர் பெட்டிக்குள் கால் வைக்கும் முன்பே டிக்கெட் இல்லாதவர்கள் மோப்பம் பிடித்து அடுத்த பெட்டிக்கு நழுவினார்கள். இரண்டு வாரமாக ஒருவன்கூடச் சிக்கவில்லை. மேலதிகாரி கூப்பிட்டு, "லஞ்சம் கிஞ்சம் வாங்கறீங்களா?" என்று கேட்டார். பரிசோதகருக்கு அழுகையே வந்துவிட்டது. அவரைப் போய்ச் சந்தேகப்படுவதா!

அன்று வெறி பிடித்தவர்போல் எட்டாவது மாடலின் கீழே மீனைப் போட்டார். பொன்னிறமாக வந்தது. மனைவி இரண்டு துண்டு சாப்பிட்டாள். மூன்றாவதையும் எடுத்துக்கொண்டாள்.

"இப்போ வாசனையே இல்லைங்க. இதையே எடுத்துருங்க."

வென்றுவிட்டார். ஏழு மோசடிகளைத் தள்ளி ஒரு யோக்கியமான சிம்னியைப் பிடித்துவிட்டார்! மறுநாள் மெக்கானிக் வந்து சிம்னியை நிரந்தரமாகப் பொருத்திவிட்டு, கையெழுத்துக்கு ரசீதை நீட்டினார். பரிசோதகரின் கண் பழக்கதோஷத்தில் தேதிக்குப் போனது. ஒன்றரை மாதத்துக்கு முந்தைய தேதி.

"பழைய சரக்கை என் தலையில கட்டறீங்களா? யார்கிட்ட?"

மெக்கானிக் பதறிப்போனார்.

"ஐயோ, சரக்கு புதுசுதான் சார். நீங்க கடைக்கு வந்த அன்னிக்கே அம்மாவும் வந்து இதை எடுத்து வைக்கச் சொல்லிட்டாங்க. 'மத்ததையெல்லாம் முதல்ல அனுப்புங்க, இதைக் கடைசியா அனுப்புங்க, அவருக்கு மீன் வறுவல் பதமா வந்ததும் பொருத்த வரச் சொல்லி நானே போன் பண்றேன்'னு சொன்னாங்க. நேத்துதான் போன் வந்துச்சு."