விரதத்தாரின் பதில் கடமை

பட்டினி கிடந்தே பருத்த மனிதர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் காணிக் கந்தோரில் தலைமைக் கிளாக்கராக, சன்னலோரம், கைபிடி இல்லாத கதிரையில் இருந்தார். கைபிடி வைத்த கதிரைக்குள் இறங்கினாரென்றால் எழும்பும்போது கதிரையும் கூடவே எழும்பும். அவருடைய பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவர் விரதத்தார். நேரே கதைக்கும்போது அண்ணை.

திங்கட்கிழமை சிவனுக்கு, செவ்வாய் முருகனுக்கு, வியாழன் குருவுக்கு, வெள்ளி அம்மாளுக்கு, சனி சனீஸ்வரனுக்கு, ஞாயிறு சூரியனுக்கு என்று விரதம் பிடிப்பார். புதன்கிழமை மட்டும் எந்தச் சாமியும் உரிமை கேட்காமல் வெறுமையாகக் கிடந்தது. பார்க்கப் பாவமாக இருக்கிறதென்று அதையும் எடுத்துக்கொண்டார். பக்கத்து மேசை எம்மானுவேல் அண்ணை குருநகர்க்காரர், வேதக்காரர். அவர் தவக்காலத்தில் ஒருசந்தி விரதம் இருந்தால் விரதத்தார் அதிலும் பங்கு கேட்பார். "வெள்ளிக்கிழமை எனக்கும் விரதம்தானே. ஒரு பட்டினியிலை இரண்டு சாமியின்ரை பலன்."

எங்கள் பக்கத்தில் விரதம் என்றால் பெரும்பாலும் முழுப்பட்டினி இல்லை. முழுகி, கோயிலுக்குப் போய், மத்தியானம் ஒருநேரம் மரக்கறிச் சாப்பாடு. அந்த 'ஒருநேரம்' என்ற சொல்லை விரதத்தார் ஆழமாக ஆராய்ந்திருந்தார்.

"ஒருநேரம் எண்டால் என்ன பிள்ளை? ஒருக்கால் இருந்து சாப்பிடுறது. நான் இன்னும் எழும்பேல்லையே!"

பன்னிரண்டு மணிக்கு இருப்பார். மனைவி பாக்கியக்கா கொடுத்துவிட்ட ஐந்தடுக்குக் கரியர் மேலிருந்து கீழாகக் கழலும். இடையில் யாராவது கோவை கொண்டுவந்தால் இடது கையால் கையெழுத்து வைப்பார். இரண்டரை மணிவரை எழும்பமாட்டார். எழும்பினால் விரதம் முறிந்துவிடும் அல்லவா? பிறகு நீர்வேலியிலிருந்து யாரோ கொண்டுவந்த கப்பல் வாழைப்பழத்தில் அரைச் சீப்பு. கேட்டால், "அது சாப்பாடில்லை, பழம்" என்பார். அதற்குப் பிறகு கோயில் மோதகம். "அது சாப்பாடில்லை, பிரசாதம்."

பன்னிரண்டு மணிக்கு முன்னர்தான் எங்களுக்குச் சோதனை. எம்மானுவேல் அண்ணை நண்டுக்கறிப் பார்சலை அவிழ்த்ததும் விரதத்தார் மெல்ல வந்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்துக்கொண்டு நிற்பார்.

"அண்ணை, இது மச்சம்!"

"மச்சம் உன்ரை பார்சலுக்கை இருக்கு. எனக்கு வாறது காத்து. காத்து சைவம்."

இப்படி விரதம் இருந்து இருந்து ஒருநாள் அவருக்குக் கால் விறைத்து, கண் மங்கி, தண்ணீர் விடாய் தாங்கமுடியாமல் போயிற்று. டொக்டர் சோதித்துவிட்டுச் சீனி வருத்தம் என்றார்.

"விரதம் இருக்கிற உடம்புக்குச் சீனி வருத்தமோ?" என்று விரதத்தார் கோபப்பட்டார்.

டொக்டர் பொறுமைசாலி. "ஐயா, உங்களுக்கு விரதத்தாலை வந்த வருத்தம் இல்லை இது. விரதம் முடிக்கிறதாலை வந்தது. இனிப் பட்டினியும் வேண்டாம், பந்தியும் வேண்டாம். மூண்டு நேரம், அளவாச் சாப்பிடுங்கோ. இந்தக் குளிசையைச் சாப்பாட்டுக்கு முன்னம் போடுங்கோ." பாக்கியக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "குளிசை போட்டிட்டுச் சாப்பிடாமல் விட்டால் ஆபத்து. ஆளுக்கு வேர்த்து, கதை பிசகி ஏதும் உளறினால் உடனை சீனித்தண்ணி பருக்கிப்போட்டு ஆசுப்பத்திரிக்குக் கொண்டுவாங்கோ" என்றும் சொல்லி அனுப்பினார்.

விரதத்தார் குளிசையை ஏற்றுக்கொண்டார். மற்றதெல்லாம் டொக்டரின் சொந்த அபிப்பிராயம் என்று எடுத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் என் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். நான் அந்தக் கந்தோரில் தட்டெழுத்துப் பிள்ளை. கலியாணம் கட்டி நாலு வருஷம், பிள்ளை இல்லை. என் மாமியார் காலையில் கோப்பி தரும்போதும் சொல்வார், இரவு பாய் போடும்போதும் சொல்வார்: "சட்டியிலை இருந்தால்தான் பிள்ளை அகப்பையிலை வரும்." சட்டி என்றால் சஷ்டி, அகப்பை என்றால் கருப்பை. கந்தசஷ்டி ஆறு நாளும் உபவாசம் இருந்தால் வயிற்றில் பிள்ளை தங்கும் என்பதைத்தான் அந்தப் பழமொழி சொல்கிறது என்பது மாமியின் முடிவு. எனக்கோ வயிற்றுப்புண். போன வருஷம் சஷ்டிக்கு இருந்து, இரண்டாம் நாள் தட்டெழுத்துப் பொறிமேல் மயங்கி விழுந்தேன். தெளிந்து எழும்பியபோது நெற்றியில் மூன்று உயிரெழுத்தும் ஒரு கேள்விக்குறியும் பதிந்திருந்தன. உனக்கு இனி உபவாசம் ஆகாது என்று அதே டொக்டர்தான் எனக்கும் சொன்னார். மாமி ஒப்புக்கொள்ளவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஐப்பசி மாதம் வந்தது. சஷ்டிக்கு இன்னும் நாலு நாள் இருக்கும்போது நான் தட்டெழுத்துப் பொறிக்கு முன்னால் இருந்து அழுதுகொண்டிருந்தேன். விரதத்தார் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு விஷயத்தைக் கேட்டார். கேட்டு முடிந்ததும் சிரித்தார்.

"இதுக்கோ அழுகிறாய்? நீ சாப்பிடு பிள்ளை. உனக்காக நான் இருக்கிறன்."

"நீங்களோ? அது என்னெண்டு அண்ணை?"

"நீ லீவிலை போனால் உன்ரை வேலையை ஆரும் பதில் கடமை பார்க்கிறேல்லையோ? அரசாங்கமே ஒப்புக்கொள்ளுது. முருகன் ஒப்புக்கொள்ளாரோ?"

எம்மானுவேல் அண்ணை தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "கவனம் அண்ணை. நீங்கள் சட்டியிலை இருக்க, உங்கடை அகப்பையிலை வந்திடப்போகுது. இப்பவே எட்டு மாதம் மாதிரித்தான் இருக்கிறியள்."

கந்தோர் முழுவதும் சிரித்தது. விரதத்தார் சிரிக்கவில்லை. அந்த இடத்திலேயே கடிதம் ஒன்றைச் சொல்லச் சொல்ல என்னைக் கொண்டு தட்டச்சுச் செய்வித்தார். பெறுநர்: அருள்மிகு முருகப்பெருமான், தொண்டைமானாறு. ஊடாக: அவருடைய தமையனார் பிள்ளையார். விடயம்: கந்தசஷ்டி உபவாசத்துக்குப் பதில் கடமை ஆள் நியமித்தல். பிரதி: விண்ணப்பகாரியின் மாமியார். கடைசியில் கந்தோர் முத்திரையையும் ஓங்கிக் குத்தினார். மாமி அந்தப் பிரதியை வாங்கி, முத்திரையைத் தடவிப் பார்த்து, "அரசாங்கக் கடுதாசியாய்க் கிடக்கு" என்று சாமியறையில் வைத்துவிட்டார். அன்றிலிருந்து எனக்கு மூன்று நேரமும் சோறு கிடைத்தது.

"அண்ணை, உங்களுக்குச் சீனி வருத்தம் எல்லோ?" என்று நான் கேட்காமல் இல்லை.

"அதுக்கும் இது நல்லது. ஆறு நாள் ஒண்டும் உள்ளை போகாட்டில் சீனி எங்காலை வரும்?"

வேண்டாம் என்று நான் இன்னும் உரக்கச் சொல்லியிருக்கவேண்டும். வாயைத் திறந்தேன், மாமியின் முகம் கண்முன் வந்தது, மூடிக்கொண்டேன்.

அவர் விரதம் இருக்கத் தெரிந்தெடுத்த இடம் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி. அந்த முருகனுக்கு அன்னதானக் கந்தன் என்று பெயர். போகிற ஆளையெல்லாம் மடத்துக்குள் இழுத்து இலை போடுகிற தலம். பட்டினி கிடக்க இதைவிடக் கடினமான இடம் உலகத்தில் இல்லை. "அதுதான் பிள்ளை தவம்" என்று சொல்லி, பாக்கியக்காவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மனம் கேளாமல் நான் லேடீஸ் சைக்கிளில் வெளிக்கிட்டேன். துணைக்கு எம்மானுவேல் அண்ணை. அவருடைய பின்சில்லு காற்று நிற்காத சில்லு. பொருளாதாரத் தடையால் பெற்றோலும் இல்லை, ரியூப்பும் இல்லை என்ற காலம். ஆகவே ஒரு கையில் ஹாண்டில், மறுகையில் காற்றடிக்கிற சைக்கிள் பம். நீர்வேலி வாழைத்தோட்டங்களைத் தாண்டும்போது மழை பிடித்தது. அவர் ஒரு மஞ்சள் சொப்பிங் பையை எடுத்துத் தலையில் கூராகக் கட்டிக்கொண்டார்.

சந்நிதியில் விரதத்தாரைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சாப்பிட வாங்கோ, சாப்பிட வாங்கோ என்று கையைப் பிடித்து இழுக்கிறார்கள் என்று நாலு நாளில் ஐந்து இடம் மாறியிருந்தார். கடைசியில் ஆற்றங்கரைப் பக்கம் ஒரு மடத்தின் மூலையில் இருந்தார். இரண்டு மூக்குத்துவாரத்திலும் பஞ்சு அடைத்திருந்தார். சாம்பார் மணம் விரதத்தை முறிக்குமாம். காற்றைச் சைவம் என்று வாதாடிய மனிதர்! எனக்குச் சிரிப்பு வந்தது. கிட்டப் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. மழைக்குளிரில் எல்லோரும் நடுங்க, அவருக்கு மட்டும் வேர்வை ஆறாக ஓடியது.

"குளிசை போட்டவரோ அக்கா?" என்று பாக்கியக்காவைக் கேட்டேன்.

"எனக்குத் தெரியாமல் ஒளிச்சு வைச்சு ஒவ்வொரு நாளும் போட்டிருக்கிறார் பிள்ளை, இப்பதான் கண்டனான். கேட்டால், சாப்பாட்டுக்கு முன்னம் எண்டுதானே டொக்டர் சொன்னவர், ஏழாம் நாள் சாப்பாட்டுக்கு முன்னம்தானே போடுறன் எண்டு சட்டம் கதைக்கிறார்!"

விரதத்தார் என்னைப் பார்த்தார். "அந்தக் கோவையை மேசையிலை வைச்சிட்டுப் போ தங்கச்சி. காணிக்காரர் நாளைக்கு வரட்டும்" என்றார். கதை பிசகிவிட்டது.

பாக்கியக்கா மடத்துக்குள் ஓடி ஒரு செம்பில் சீனித்தண்ணி கரைத்துக்கொண்டு வந்தார். "இஞ்சாருங்கோ, வாயைத் திறவுங்கோ!" அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். நான் கெஞ்சினேன். தலையை ஆட்டினார். "பிள்ளைக்கு... ஆறு நாள்..." என்று பல்லிடுக்கால் வந்தது. மூக்கில் பஞ்சு, வாயில் பூட்டு. அப்படியே மூச்சடைத்துப் போய்விடுவாரோ என்று பயந்து நான் பஞ்சை மட்டும் இழுத்தெடுத்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. என் வயிற்றில் பிள்ளை வருவதற்காக ஒரு மனிதர் என் கண்முன்னால் சாகப்போகிறார் என்று மட்டும் தெரிந்தது. நான் குழறி அழத் தொடங்கினேன்.

அந்தச் சத்தத்துக்குத்தான் வெளியே சில்லுக்குக் காற்றடித்துக்கொண்டு நின்ற எம்மானுவேல் அண்ணை ஓடிவந்தார். தலையில் கிரீடம் மாதிரிக் கூரான மஞ்சள் பை. கையில் பம். வாசலில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு அவர் நின்ற நிலையைக் கண்டதும் விரதத்தாருடைய இரண்டு கையும் தலைக்குமேல் போயின.

"வேலவா! வந்திட்டியோ அப்பு!"

எம்மானுவேல் அண்ணை திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார். ஒருவரும் இல்லை. என்னைப் பார்த்தார். நான் செம்பைக் காட்டினேன். அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு அவசரமாகச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமி, பம்மை நிமிர்த்திப் பிடித்தார்.

"ஓம். நான்தான்."

"என்ன கட்டளை சுவாமி?"

"கட்டளை... கட்டளை என்னெண்டால், வாயைத் திற. அந்தத் தண்ணி முழுக்கக் குடி."

"ஆறு நாள் முடியேல்லையே முருகா. பதில் கடமை..."

"உன்ரை கடுதாசி எனக்குக் கிடைச்சது. தமையனும் ஒப்பம் வைச்சிட்டார். விரதம் இருந்தது காணும், குடி!"

விரதத்தார் வாயைத் திறந்தார். செம்பு வெறுமையானது. கால் மணித்தியாலத்தில் கண் தெளிந்தது. மண்ணெண்ணெயில் ஓடுகிற கார் ஒன்று கிடைத்தது. சாரதி பழைய சேலைன் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலில் நாலு துளி விட்டு அதை உயிர்ப்பித்தார். புகை கக்கிக்கொண்டு ஆசுப்பத்திரிக்குப் போனோம். டொக்டர் இரண்டு நாள் மறித்து வைத்தார். அவர் ஏசிய ஏச்சு மூன்று நாளுக்குப் போதும்.

கந்தோருக்குத் திரும்பிய விரதத்தார் எல்லோருக்கும் ஒரே கதையைச் சொன்னார். "முருகன் நேரை வந்தவர். பொய்யில்லை. ஆள் கொஞ்சம் கறுப்பு. மீசை இருக்கு. வேல்தான் நினைச்சதிலும் கட்டை." எம்மானுவேல் அண்ணை கோவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார். அவருக்கு மனச்சாட்சி குத்தி, பங்குச் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாராம். சுவாமி சிரித்து முடித்து, ஒருநாள் ஒருசந்தி இருக்கும்படி சொன்னாராம்.

முருகனே விரதத்தை முறித்துவிட்டதால் விரதத்தார் டொக்டரிடம் சரணடைந்தார். சிறு கோப்பையில் அளந்து மூன்று நேரமும் சாப்பிட்டார். "பட்டினி கிடக்கிறது லேசு பிள்ளை. அரை வயித்திலை எழும்பிறதுதான் தவம்" என்பார். ஒரு வருஷத்தில் கைபிடி வைத்த கதிரைக்குள் இறங்கி, தனியாகவே எழும்பினார்.

எனக்கு அடுத்த வருஷமும் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கடுத்த வைகாசியில் மகள் பிறந்தாள். மாதம் முந்திப் பிறந்தவள், நாலு இறாத்தல்தான். பன்னிரண்டாம் நாள் விரதத்தாரும் பாக்கியக்காவும் பார்க்க வந்தார்கள். அவர் குழந்தையை இரண்டு கையிலும் ஏந்தி, நிறை பார்ப்பதுபோல மெல்ல உயர்த்தினார். முகம் வாடிவிட்டது.

"எத்தினை இறாத்தல் பிள்ளை?"

"நாலு, அண்ணை."

"நாலு நாள்தானே இருந்தனான்." கண் கலங்கிவிட்டது. "மற்ற இரண்டு நாளும் இருந்திருந்தால் ஆறு இறாத்தல் வந்திருக்கும். என்னை மன்னிச்சுக்கொள்ளு பிள்ளை."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் குழந்தையை வாங்கிக்கொண்டேன். பிள்ளையைப் பார்க்க வந்த அத்தனை பேரிலும் என்னிடம் மன்னிப்புக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

அன்று மத்தியானம் அவரை மறித்து, இலை போட்டு, நானே பரிமாறினேன். கத்தரிக்காய்ப் பால்கறி நல்லாயிருக்கு என்று சொல்லி, பாக்கியக்கா அந்தப்பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, இன்னும் ஒரு அகப்பை சோறு போடு என்று கண்ணால் கேட்டார். நான் போடவில்லை. அந்த மனுசன் இன்னும் கனகாலம் இருக்கவேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.